75-300-ஆ, 55-250-ஆ? பத்தாயிரத்துக்குள் ஒரு ஜூம்

12-01-2025, ஞாயிறு மாலை
ஆத்தூரான் கேட்டது:

கேனன் 1500டி வாங்கி ஒரு மாசம் ஆகிறது. கூட வந்தது 18-55 எம்எம் லென்ஸ் மட்டும்தான். நேற்று ஏற்காட்டில் நாற்பது படம் குருவி எடுத்தேன். வீட்டில் காட்டினால் "குருவி எங்கேடா?" என்று கேட்கிறார்கள். பத்தாயிரம் வரை தேற்ற முடியும். 75-300 என்று ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, 55-250 அதைவிட விலை கூட. 300 பெரிய நம்பர், தூரத்தை இன்னும் இழுக்கும், விலையும் குறைவு. அப்புறம் எதற்கு 250? தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

12-01-2025, இரவு 11.40
பட்டறைக்காரன்:

75-300 எடுக்காதே தம்பி. 55-250 எடு. பெயரில் ஐஎஸ் (கை நடுக்கத்தைத் தணிப்பது), எஸ்டிஎம் (சத்தமில்லாத ஃபோகஸ் மோட்டார்) இரண்டும் இருக்கிறதா என்று பார். புதுசுக்குப் பணம் எட்டாவிட்டால் பழையது. தூக்கம் வருகிறது, காரணம் நாளைக்கு.

13-01-2025, போகி

காரணம். அந்த 75-300-ஐத்தான் ஒன்றரை வருஷம் மாட்டிக்கொண்டு திரிந்தேன். பழையதாகத்தான் வாங்கினேன், ஐயாயிரம். அதை மாட்டிக்கொண்டு மூக்கனேரிக் கரையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஏரி நடுவே மண்ணைக் குவித்து மரம் வைத்த தீவுகள் இருக்கின்றன அல்லவா, அதில் வந்து அடையும் கொக்கு, நீர்க்காகம் எல்லாம் எடுப்பேன். கேமரா திரையில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் கொக்குக்கு இரண்டு அலகு.

கை ஆடியிருக்கிறது, அவ்வளவுதான். ஜூமை நீட்ட நீட்ட நடுக்கமும் பெரிதாகும். பழைய கணக்கு ஒன்று உண்டு: எத்தனை எம்எம்மோ, ஒரு செகண்டில் அத்தனையில் ஒரு பங்குக்கு மேல் ஷட்டர் திறந்திருக்கக் கூடாது. 1500டி-யின் சென்சார் (படம் பதிகிற சில்லு) சின்னது, அதனால் 1.6-ஆல் பெருக்க வேண்டும். 300-ஐப் பெருக்கினால் 480. அதாவது 1/500 வேண்டும். உச்சி வெயிலில் கிடைக்கும். மரத்தடியில், மேகம் போட்ட நாளில், ஏற்காட்டில் கிடைக்காது.

ஐஎஸ் என்பது இதற்கான ஏற்பாடு. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி கை ஆடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து பிம்பத்தைப் பிடித்து நிறுத்தும். 55-250 எஸ்டிஎம்முக்கு மூன்றரை ஸ்டாப் என்று கேனன் சொல்கிறது. ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் இரண்டு மடங்கு நேரம் திறந்திருக்கலாம். 250-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 400. 1/400 வேண்டிய இடத்தில் 1/40-க்குப் பக்கத்தில் வரை இறங்கிப் பார்க்கலாம். என் கையில் 1/60 வரை நம்பி எடுப்பேன். டீ குடிக்காத காலையில் 1/100. 75-300-இல் ஐஎஸ் கிடையாது.

இப்போது அந்தப் பெரிய நம்பர். செம்மீசைச் சின்னான் ஒரு சாண் நீளம், 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 250-இல் சென்சார் மேல் அதன் நீளம் 5 மில்லிமீட்டர். 300-இல் 6. ஒரு மில்லிமீட்டர்தான் லாபம். அந்த ஒரு மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 250-ஐ வைத்துக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் போ, போதும். குருவி பறந்துவிடும் என்பாய். 300-க்கும் பறக்கத்தான் செய்யும்.

13-01-2025, இரவு

மொட்டை மாடியில் நிலா நன்றாக இருக்கிறது, பௌர்ணமி. மருமகன் 250-இல் எடுத்துவிட்டு "மாமா, சின்னதா இருக்கு" என்கிறான். 250-இல் நிலா சென்சார் மேல் 2.3 மில்லிமீட்டர்தான் விழும், பட்டாணியில் பாதி கூட இல்லை. எஃப்/8 (லென்ஸ் துவாரம், நம்பர் குறைந்தால் வெளிச்சம் கூடும்), ஐஎஸ்ஓ 200 (வெளிச்சத்தை உணர்கிற அளவு), ஷட்டர் 1/250 வைத்து எடுத்து, சுற்றி வெட்டி எறிந்தால் பார்க்கிற மாதிரி வரும். தானாக எடுக்க விட்டால் கேமரா கறுப்பு வானத்தைப் பார்த்துப் பயந்து நிலாவை வெள்ளைப் பணியாரம் ஆக்கிவிடும்.

16-01-2025

திருத்தம். "75-300-இல் ஐஎஸ் கிடையாது என்று யார் சொன்னது, என்னிடம் இருக்கிறது" என்று ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. 1995-இல் கேனன் 75-300 ஐஎஸ் யுஎஸ்எம் என்று ஒன்று விட்டது. கழற்றி மாட்டுகிற எஸ்எல்ஆர் லென்ஸில் உலகத்திலேயே முதலில் ஐஎஸ் வந்தது அதில்தான். நான் திட்டியது பின்னால் வந்த 75-300 III-ஐ. கடையில் உனக்கு நீட்டப்போவதும் அதுதான். அந்த 1995 லென்ஸ் எங்காவது கிடைத்தால் முப்பது வயசு லென்ஸ் என்பதை மனசில் வைத்துக்கொள். மோட்டார் போனால் பாகத்துக்கு எங்கே போவாய்?

19-01-2025, ஞாயிறு இரவு

இன்று மருமகனோடு பைக்கில் ஏற்காட்டுக்குப் போய்வந்தேன். உனக்குச் சொன்னதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம் என்று இரண்டு லென்ஸும் பையில். அடிவாரத்தில் வெயில். பத்தாவது கொண்டை ஊசி தாண்டியதும் குளிர், இருபதாவது தாண்டியபோது பனிமூட்டம். காப்பித் தோட்ட வேலிக்கு இந்தப் பக்கம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. கொடிக்குள் ஒரு செம்மீசைச் சின்னான் ஜோடி. எஃப்/5.6, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/80. 55-250-இல் இருபது படம், 75-300-இல் இருபது.

75-300-இல் இருபதும் வீண், அது தெரிந்ததே. 55-250-இல் மிளகுக் காய் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி இருக்கிறது, இலையில் பனித்துளி கூட நிற்கிறது. குருவி மட்டும் கலங்கல். அது கொண்டையை ஆட்டுகிறது, கழுத்தைத் திருப்புகிறது, ஒரு கணம் சும்மா இருப்பதில்லை. ஐஎஸ் என் கையைத்தான் நிறுத்தும், குருவியின் கழுத்தை எப்படி நிறுத்தும்? அன்று 1/40 என்று பெருமையாக எழுதினேன். குருவிக்கு அதை மறந்துவிடு. உட்கார்ந்த குருவிக்கே 1/500 வேண்டும், பறந்தால் 1/1000-க்கு மேல். ஐஎஸ்ஓ-வை 3200-க்கு, இருட்டினால் அதற்கும் மேலே ஏற்று. படத்தில் மணல் தூவியது போல இருக்கும், பரவாயில்லை. கலங்கலைச் சரிசெய்ய முடியாது, மணலைக் கொஞ்சம் குறைக்கலாம்.

இருந்தும் 55-250-தான் என்பேன். ஐஎஸ் இருந்தால் வியூஃபைண்டரில் குருவி துள்ளாமல் நிற்கும், ஃபோகஸ் புள்ளியை அதன் கண்ணில் வைக்க முடியும். ஃபோகஸ் வேகமும் வேறு. 75-300 கரகரவென்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தேடிக்கொண்டே இருக்கும். எஸ்டிஎம் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துவிடும்.

மலை விளிம்பில் இருக்கிற லேடீஸ் சீட்டில் இன்னொரு பாடம். பனி விலகியதும் கீழே சேலம் தெரிந்தது. ஐந்து ரோட்டுப் பக்கக் கட்டிடங்களை இழுத்துப் பார்த்தேன். இரண்டு லென்ஸிலும் ஒரே சாம்பல். நடுவில் இருக்கிற காற்று முழுக்கத் தூசியும் புகையும். எத்தனை எம்எம் போட்டாலும் அந்தத் தூசியையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். ஊர் தெளிவாக வேண்டுமென்றால் ராத்திரி மழை கொட்டிய மறுநாள் காலை ஏறு.

இறங்கும்போது ஒரு முட்டாள்தனம். அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தி, குளிர்ந்து கிடந்த கேமராவைப் பையிலிருந்து எடுத்தேன். முன் கண்ணாடி மேல் ஒரே நொடியில் வெள்ளைப் படலம். மருமகன் சட்டை நுனியால் துடைக்க வந்தான், கையைத் தட்டிவிட்டேன். குளிர்ந்த கண்ணாடி மேல் சூடான காற்றின் ஈரம் படிகிறது. கீழே வந்ததும் பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விட வேண்டும். பதினைந்து வருஷமாக எனக்குத் தெரியும். டீ வாசனை மறக்கடித்துவிட்டது.

20-01-2025

தம்பி கேட்கிறான்: "அண்ணா, பட்டறை என்றால் என்ன பட்டறை?" வெள்ளிக் கொலுசு. சேலம் செவ்வாய்பேட்டை.

02-02-2025, ஞாயிறு

பழைய லென்ஸ் பார்த்து வாங்குவது எப்படி என்று கேட்டாய். நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன், அதிலேயே பாதி வந்துவிடும்.

அந்த 75-300-ஐ வாங்கிய கடையில் (எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்காதே) லென்ஸைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று வைத்திருந்தார்கள். வெளியே ஒரு கீறல் இல்லை. "வீட்டிலேயே வைத்திருந்த லென்ஸ், வெளியே போகவே இல்லை" என்றார்கள். அதுதான் வினை. வெளியே வெயில் பார்க்காத லென்ஸ், ஈரச்சுவர் பீரோவில் வருஷக்கணக்காகக் கிடந்திருக்கிறது. ஆறு மாசம் கழித்து ஒரு நாள் பட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் எதேச்சையாகப் பார்த்தேன். உள்கண்ணாடி ஓரத்தில், கோலப்பொடியை ஈரக்கையால் இழுத்துவிட்ட மாதிரி வெள்ளை நூல்கள். பூஞ்சை. திரும்பக் கொண்டுபோனால் "நீங்கள் வைத்திருந்ததில் வந்தது" என்றார்கள். ஆறு மாசம் கழித்துப் போய் நான் என்ன வாதாட முடியும்?

ஆகவே முதலில் டார்ச். மொபைல் டார்ச் போதும். இரண்டு மூடியையும் கழற்று, பின்னாலிருந்து வெளிச்சம் அடி, முன்னாலிருந்து சாய்வாகப் பார். இரண்டொரு தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. நூல் மாதிரி, கிளை மாதிரி எது தெரிந்தாலும் வைத்துவிட்டு வா. பூஞ்சை கண்ணாடி மேல் உள்ள பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது.

அப்புறம் உன் பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) கையோடு கொண்டுபோ. மாட்டி, 250-இல் வைத்து, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்து. காதை வைத்தால் லேசாக ஒரு ரீங்காரம், வியூஃபைண்டரில் காட்சி சட்டென்று மிதந்து நிற்கும். நின்றால் ஐஎஸ் உயிரோடு இருக்கிறது. பக்கவாட்டு ஸ்விட்சைப் போட்டும் எடுத்தும் பார். எஃப்/5.6-இல் ஒன்று, எஃப்/16-இல் ஒன்று எடு. எர் 01 என்று திரையில் வந்தால் பின்னால் இருக்கிற தங்கநிறப் புள்ளிகளைச் சுத்தமான துணியால் துடைத்து மறுபடி பார். மறுபடியும் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வா. எதிர்க்கடை போர்டை நான்கு மூலையும் எழுத்து வருகிற மாதிரி ஒரு படம். மூன்று மூலை தெளிவு, ஒன்று மட்டும் மங்கல் என்றால் கீழே விழுந்த லென்ஸ்.

மாட்டும்போது கவனி: 55-250-க்கு வெள்ளைச் சதுரம், 75-300-க்குச் சிவப்புப் புள்ளி. உன் பாடியில் இரண்டு குறியும் உண்டு, இரண்டும் ஏறும்.

02-02-2025, அரைமணி நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். 55-250-இலேயே பழசு உண்டு. ஐஎஸ், ஐஎஸ் II என்று வரும், எஸ்டிஎம் இருக்காது. 1500டி-யோடு இரட்டை லென்ஸ் பெட்டியில் வந்தது ஐஎஸ் II. அதுவும் மோசமில்லை, ஐஎஸ் இருக்கிறதே. ஆனால் ஃபோகஸ் பண்ணும்போது முன்பக்கம் சுற்றும், போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க முன்னால் மாட்டித் திருப்புகிற கண்ணாடி) போட்டால் திண்டாட்டம், கிட்டத்தில் 1.1 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. எஸ்டிஎம் 85 சென்டிமீட்டர் வரை வரும், முன்பக்கம் சுற்றாது. இரண்டாயிரம் வித்தியாசம் என்றால் எஸ்டிஎம். நாலாயிரம் என்றால் பழசையே எடுத்துக்கொண்டு மிச்சத்துக்கு ஏற்காட்டுக்கு பெட்ரோல் போடு.

09-02-2025

நிக்கான் வைத்திருப்பவர் ஒருவர் தமக்கும் சொல்லச் சொல்கிறார். 70-300 ஏஎஃப்-பி டிஎக்ஸ் விஆர். விஆர் என்பதுதான் அவர்கள் ஊர் ஐஎஸ். எடை 415 கிராம், படம் அருமையாக வரும். அதே பெயரில் விஆர் இல்லாத ஒன்றும் இருக்கிறது, பார்க்க இரட்டைப் பிள்ளை மாதிரி. பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்.

10-02-2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். நல்லவேளை, பாடி எது என்று கேட்டேன். டி3200. ஏஎஃப்-பி லென்ஸ் அதில் வேலை செய்யாது. தானாகவும் ஃபோகஸ் ஆகாது, கையால் திருப்பினாலும் ஆகாது. அந்த லென்ஸில் வளையத்தைத் திருப்பினாலும் உள்ளே மோட்டார்தான் ஓட வேண்டும், பாடி அதற்குக் கட்டளை தரத் தெரியாதது. டி3100, டி5100-க்கும் இதே கதி. டி3300, டி5300-க்கு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடுகிற மென்பொருள்) புதுப்பிக்க வேண்டும். டி3400-லிருந்து கவலை இல்லை. அவருக்கு 55-200 விஆர் II போதும் என்று சொல்லியிருக்கிறேன். பாடியைக் கேட்காமல் லென்ஸ் சொன்னது என் தப்பு.

23-02-2025, ஞாயிறு

தம்பி இன்னும் வாங்கவில்லை. விலை இறங்கும் என்று காத்திருக்கிறான். அதற்குள் என் தொழில் கதை ஒன்று.

நான் 55-250 வாங்கியது குருவிக்காக. அது சம்பாதித்தது கொலுசில். புது டிசைன் வந்தால் வியாபாரிகளுக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்ப வேண்டும். மொபைலைக் கிட்டே கொண்டுபோனால் மெருகு போட்ட வெள்ளி கண்ணாடி மாதிரி. என் மூக்கு, மொபைல், மேலே டியூப்லைட் எல்லாம் கொலுசில் தெரியும். 250-இல் வைத்து 85 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் என் நிழலும் விழாது, மூக்கும் தெரியாது. அந்தத் தூரத்தில் மூன்று அங்குல அகலம் படம் முழுக்க நிறையும். சலங்கை வரிசை, திருகாணி, பற்றவைத்த இடத்தில் லேசான கறுப்பு, எல்லாம் வந்துவிடும். அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் ஒரு வியாபாரி மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார், அது வேறு கதை.

டாம்ரான் 70-300 டை எல்டி மேக்ரோ என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். 180-லிருந்து 300-க்குள் மேக்ரோ (கிட்டத்தில் பெரிதாக எடுக்கிற) ஸ்விட்சைத் தள்ளினால் சென்சார் மேல் பொருளின் பாதி அளவு வரை வரும். ஒன்றே முக்கால் அங்குலம் படத்தை நிறைக்கும். பூச்சி, பூ, நகை எடுப்பவருக்கு ஆசை காட்டுகிற லென்ஸ். ஐஎஸ் மாதிரி எதுவும் இல்லை, எனவே ட்ரைபாட் (முக்காலி) இல்லாமல் தொடாதே. ட்ரைபாடில் 55-250 வைத்தால் ஐஎஸ்-ஐ அணைத்துவிடு.

25-02-2025

"கோயில் விழாவுக்கும் இதே லென்ஸ் ஆகுமா?" ஆகாது. போன ஆடியில் சேலம் குகைப் பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கைக்கு இதை எடுத்துப்போனேன். வண்டி மேல் சிவன், பார்வதி, முருகன் என்று வேஷம் கட்டி நிற்கிறவர்கள் மேல் சீரியல் பல்பு வெளிச்சம். எஃப்/5.6-இல் 1/40 கிடைத்தது. வண்டி நகர்கிறது, ஆட்கள் அசைகிறார்கள், முருகனுக்கு ஆறு முகமும் வந்தது. பக்கத்தில் ஒரு பையன் 50 எம்எம் எஃப்/1.8 போட்டு 1/400-இல் எடுத்துக்கொண்டிருந்தான். 5.6-ஐவிட 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் விடும். ராத்திரித் திருவிழாவுக்கு அது. கிட்டே நிற்கத் தைரியம் வேண்டும், தேங்காய் தண்ணீர் தெறிக்கும்.

09-03-2025

தம்பி வாங்கிவிட்டான்! 55-250 எஸ்டிஎம், பழையது, ஒன்பதாயிரம். டார்ச் அடித்துப் பார்த்தானாம். கடைக்காரர் "போலீஸ்காரங்களா?" என்று கேட்டாராம்.

இனி வைத்திருப்பது. மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்). எங்கள் வீட்டு முறுக்கு டப்பா அப்படித்தான் காணாமல் போனது. நீல மணி ரோஸ் ஆனால் ஈரம் குடித்துவிட்டது, வெயிலில் காயவை.

10-03-2025

வெயிலில் காயவை என்றது அரைகுறை. சேலம் வெயிலே ஆனாலும் அது போதாது. நூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பழைய வாணலியில், சின்னத் தீயில், நிறம் திரும்பும் வரை. சமையலுக்கு எடுக்காத வாணலியாக இருக்கட்டும், அந்த நீலச் சாயம் வயிற்றுக்கு ஆகாது. நான் முதலில் தோசைக்கல்லில் போட்டேன். அந்தத் தோசைக்கல் இப்போது மாடியில் துளசிச் செடித் தொட்டிக்கு அடியில் இருக்கிறது.

06-04-2025, ஞாயிறு

தம்பி படம் அனுப்பியிருக்கிறான். கோடை மழை ஒன்று விழுந்து காப்பி பூத்திருக்கிறது, கிளை முழுக்க வெள்ளை, அதில் ஒரு தேனீ. 250, எஃப்/5.6, 1/640. தேனீயின் காலில் மகரந்தம் ஒட்டியிருப்பது தெரிகிறது. குருவி எங்கே என்று கேட்டேன். "குருவி கிடக்கட்டும் அண்ணா" என்கிறான். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் புள்ளிமானும் எடுத்திருக்கிறான். கம்பி வலை குறுக்கே தெரிகிறது என்று வருத்தம். லென்ஸை வலைக்கு ஒட்டினாற்போல வை தம்பி, 250-க்கு நீட்டு, எஃப்/5.6-லேயே எடு, மான் தள்ளி நிற்கட்டும். வலை கரைந்துபோகும்.

06-04-2025, இரவு

அந்தத் தேனீயைப் பார்த்துவிட்டு என் பழைய ஹார்டு டிஸ்கைக் கிளறினேன். 75-300-இல் எடுத்தவை இரண்டாயிரம் படம். பாதிக்கு மேல் குப்பைதான். ஆனால் ஒரு மார்கழிக் காலையில் மூக்கனேரியில் எடுத்த மடையான் ஒன்று, ட்ரைபாட் போட்டு, 200 எம்எம், எஃப்/8. கழுத்துக் கோடு ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கிறது. முதல் நாள் ஒரே வரியில் "எடுக்காதே" என்று எழுதினேன். ட்ரைபாடும் பொறுமையும் உள்ளவனுக்கு, வெயில் இருக்கிற நாளில், 300-ஐத் தொடாமல் 200-லேயே நிறுத்திக்கொண்டால், மூவாயிரத்துக்குக் கிடைத்தால், எடுக்கலாம். இத்தனை "ஆல்" போட வேண்டியிருக்கிறது.

என்னுடையது இன்னும் பீரோவில் இருக்கிறது. யாருக்காவது பழகிப் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாய்பேட்டைக்கு வந்து எடுத்துப்போங்கள், காசு வேண்டாம். உள்கண்ணாடியில் இடது ஓரம் பூஞ்சை இருக்கிறது. டார்ச் நானே தருகிறேன்.